அயல்நாடு செல்லும் சகோதரருக்கு



ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் கலைந்து சென்ற பின்னர், பள்ளிவாசல் தூணருகே ஓர் இளைஞர் தனியே நின்றுகொண்டிருப்பார். அடுத்த வாரம் அவருக்குப் பயணம். அருகில் வந்து, "ஹஜ்ரத், எனக்காக துஆச் செய்யுங்கள்" என்று நம் கைகளைப் பற்றிக்கொள்வார். நம் கடற்கரை ஊர்களின் பள்ளிவாசல்களில் அடிக்கடி காணக்கூடிய காட்சி இது.

நம்மவர்களுக்குப் பயணம் புதியதன்று. வெளிநாட்டில் பொருளீட்டுபவரைச் 'சபராளி' என்று அழைக்கும் வழக்கமே நம்மிடம் உண்டு. பாய்மரக் கப்பலில் சென்ற நம் முன்னோர் பினாங்கில் 1801-ஆம் ஆண்டளவில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை எழுப்பினர். சிங்கப்பூரில் 1826-ஆம் ஆண்டில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலை நிறுவினர். பின்னர் ரஜூலா கப்பலும் சிதம்பரம் கப்பலும் நம் பாட்டன்மாரைச் சுமந்து சென்றன. இன்றோ வான ஊர்தி சில மணி நேரத்தில் வளைகுடாவில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. தூரம் குறைந்துவிட்டது, பிரிவின் பாரம் மட்டும் குறையவில்லை.

சில மாதங்களுக்கு முன்னர் இவ்வாறு வந்த ஒரு தம்பி, துஆவோடு நில்லாமல் ஒரு கேள்வியும் கேட்டார்: "ஹஜ்ரத், அங்கே போனால் எப்படி இருக்கும்? எதற்கெல்லாம் நான் மனத்தைத் தயார்செய்து கொள்ளவேண்டும்?"

என் நாத் தடுமாறிற்று. எத்தனையோ இளைஞர்களுக்குக் கையேந்தி துஆச் செய்து அனுப்பியிருக்கிறேன். ஆனால், அவர்களில் ஒருவருக்கேனும் இந்தக் கேள்விக்குரிய விடையைச் சொல்லி அனுப்பினேனா? இல்லை. அந்தக் குறையை எண்ணி வெட்கமுற்றே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

இக்கேள்விக்கு விடை தேட நாம் வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. நம்முடைய ஆண்டுக் கணக்கே ஒரு குடிபெயர்விலிருந்து தொடங்குகிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஆண்டுக்கணக்கு வகுக்கப்பட்டபோது, வேறெந்த நிகழ்ச்சியையும் கொள்ளாமல், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவைவிட்டு மதீனா சென்ற ஹிஜ்ரத்தையே தொடக்கமாகக் கொண்டார்கள். ஈமானைக் காக்கச் செய்த ஹிஜ்ரத்தும், பிழைப்புக்காகச் செய்யும் பயணமும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆயினும், ஊரைப் பிரிந்தோருக்கு நேரும் சோதனைகள் எக்காலத்தும் ஒன்றே. அவற்றை அந்த உத்தமர்கள் எப்படிக் கடந்தார்கள் என்பதை அறிந்தால், நமக்கு வழி துலங்கும்.

நிய்யத் எது?

எல்லாவற்றிற்கும் முதலில் நிய்யத். செயல்கள் யாவும் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளிய புகழ்பெற்ற ஹதீஸில், அதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்பட்டதே ஒரு குடிபெயர்வுதான் என்பதைக் கவனியுங்கள். அல்லாஹ்வுக்காகப் புறப்பட்டவருக்கு அதன் பலன் உண்டு. உலக ஆதாயத்துக்காகப் புறப்பட்டவருக்கு அவர் நாடியது மட்டுமே.

"அப்படியானால், சம்பாதிக்கப் போகும் எனக்கு நன்மை இல்லையா?" என்று கலங்கவேண்டாம். முதிய பெற்றோரைக் காப்பாற்றவும், மனைவி மக்களுக்கு ஹலாலான உணவளிக்கவும், பிறரிடம் கையேந்தாமல் வாழவும் உழைப்பது இறைவனுக்கு உவப்பான செயலே. தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுமாறு ஜும்ஆ அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. ஆனால், அடுத்த வீட்டுக்காரர் மாடி கட்டிவிட்டார் என்பதற்காக மட்டுமே புறப்படுகிறவர், தாம் எப்போது திரும்புவது என்பதை என்றுமே அறியமாட்டார். ஏனெனில், அடுத்த வீட்டுக்காரர் மேலும் ஒரு மாடி கட்டிக்கொண்டே இருப்பார். ஆகவே, புறப்படுமுன் உங்கள் நோக்கத்தை ஒரு தாளில் எழுதுங்கள். "இந்தக் கடன் தீர வேண்டும், இந்தத் தங்கையின் திருமணம் முடிய வேண்டும், இவ்வளவு கைமுதல் சேர வேண்டும், பிறகு திரும்புவேன்" என்று எழுதி, அதனை மனைவியிடமோ தாயாரிடமோ கொடுத்துச் செல்லுங்கள்.

அமானிதம் முதலில்

மக்கத்துக் குறைஷியர் நாயகம் (ஸல்) அவர்களைக் கொலைசெய்ய வீட்டைச் சூழ்ந்துகொண்ட அந்த இரவிலும், பெருமானார் மறவாத கடமை ஒன்று இருந்தது. தம்மை நம்பி மக்கள் ஒப்படைத்திருந்த அமானிதப் பொருள்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காக, அலி (ரலி) அவர்களைப் பின்னே நிறுத்திச் சென்றார்கள். பகைவர்களின் பொருள்களும் அவற்றில் அடக்கம். அவற்றைக் கொடுத்து முடித்த பின்னரே அலி (ரலி) அவர்கள் மதீனாவுக்குப் புறப்பட்டார்கள்.

சகோதரரே! உயிருக்கு ஆபத்தான வேளையிலும் அமானிதம் காக்கப்பட்டது. நாமோ, யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்பதை ஒரு துண்டுக் காகிதத்திலும் எழுதாமல் விமானமேறுகிறோம். கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்குமாறு பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் விரிவாக ஏவுகிறது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அதுவே. இறைவழியில் உயிர்நீத்தவருக்குக்கூடக் கடன் மன்னிக்கப்படுவதில்லை என்ற நபிமொழியை எண்ணிப் பாருங்கள். கடன்களைத் தீருங்கள். தீர்க்க இயலாதவற்றை எழுதி, இருவரைச் சாட்சியாக்குங்கள். வஸிய்யத்தையும் எழுதிவையுங்கள்.

இதனினும் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஹலாலான சம்பாத்தியத்தைத் தேடிச் செல்லும் பயணத்துக்கான பணத்தை, வட்டிக்குக் கடன் வாங்கி முகவரிடம் கொடுக்கின்றோம். முதல் ஆண்டு முழுவதும் உழைத்த உழைப்பு அந்த வட்டிக்கே போய்விடுகிறது. உறவினர் ஐவர் கூடி வட்டியில்லாக் கடன் கொடுத்து ஒருவரை அனுப்பிவைக்க முடியாதா? நம் ஜமாஅத்துகள் இதற்கென்று ஒரு நிதி ஏற்படுத்த முடியாதா? பள்ளிவாசல் நிர்வாகிகள் சிந்திக்கவேண்டிய செய்தி இது.

வதந்தியை நம்பாதீர்

நபித்துவத்தின் ஐந்தாம் ஆண்டில், கி.பி. 615-ல், முஸ்லிம்களின் சிறு கூட்டம் ஒன்று கொடுமை தாளாமல் அபிசீனியாவுக்குக் கடல் கடந்து சென்றது. உஸ்மான் (ரலி) அவர்களும், நாயகத்தின் திருமகளார் ருகையா (ரலி) அவர்களும் அதில் இருந்தார்கள். சில மாதங்களில், மக்காவாசிகள் இஸ்லாத்தை ஏற்றுக்கொண்டுவிட்டனர் என்ற செய்தி அங்கே பரவிற்று. அதனை நம்பிப் பலர் திரும்பினர். மக்காவை நெருங்கிய பின்னரே அது வெறும் வதந்தி என்று தெரியவந்தது. மீண்டும் துன்பம், மீண்டும் பயணம். இரண்டாம் முறை சென்றோர் ஆண்கள் மட்டுமே எண்பதுக்கு மேற்பட்டவர்கள்.

நல்லோர்களையே ஒரு வதந்தி அலைக்கழித்தது என்றால், நம் நிலை என்ன? செய்தி கொண்டுவருபவரைத் தீர விசாரித்துக்கொள்ளுமாறு ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் எச்சரிக்கிறது. 2022-ஆம் ஆண்டில், தாய்லாந்தில் கணினி வேலை என்று ஆசைகாட்டி அழைத்துச் செல்லப்பட்ட தமிழக இளைஞர்கள், மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டு, இணையவழி மோசடி வேலைகளில் கட்டாயமாக ஈடுபடுத்தப்பட்டனர். அரசின் முயற்சியால் பலர் மீட்கப்பட்டனர். அவர்களை ஏமாற்றியது ஒரு விளம்பரச் செய்தியே.

நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத்தின்போது வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டவர் அப்துல்லாஹ் இப்னு உரைகித் என்பவர். அவர் அப்போது முஸ்லிம் அல்லர். ஆயினும் பாதை அறிந்தவர், நம்பிக்கைக்குரியவர். "நம்மவர்" என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரிடம் கடவுச்சீட்டையும் பணத்தையும் கொடுத்துவிடுவது சுன்னத்தான வழியன்று. முகவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றவர்தானா என்று விசாரியுங்கள். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் இதற்காகவே இயற்றப்பட்டது. வேலைக்குச் செல்பவர் சுற்றுலா விசாவில் செல்லலாகாது. சம்பளம், வேலை நேரம், தங்குமிடம், விடுமுறை ஆகியவை எழுதப்பட்ட ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொள்ளாமல் கையெழுத்திடாதீர்கள். ஒரு நகலை வீட்டில் வைத்துச் செல்லுங்கள். ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு மாயிதா அத்தியாயம் தன் முதல் வசனத்திலேயே கட்டளையிடுகிறது. அக்கட்டளை முதலாளிக்கும் உண்டு, தொழிலாளிக்கும் உண்டு.

முதல் நாட்களின் காய்ச்சல்

இறங்கியவுடன் எல்லாம் இனிக்கும் என்று எண்ணாதீர்கள். மதீனா வந்து சேர்ந்ததும் அபூபக்கர் (ரலி), பிலால் (ரலி) ஆகியோர் கடுங்காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். புதிய நாட்டின் நீரும் காற்றும் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. காய்ச்சல் சற்றுத் தணியும் போதெல்லாம் பிலால் (ரலி) அவர்கள் மக்காவின் பள்ளத்தாக்கையும், அங்கே முளைக்கும் மணமுள்ள புல்லையும், அதன் நீர்நிலைகளையும், மலைகளையும் நினைத்து ஏங்கிக் குரலெடுத்துக் கவி பாடுவார்கள். எந்த மக்கா? சுடுமணலில் கிடத்தி, நெஞ்சின்மீது பாறையை ஏற்றிய அதே மக்கா! ஆயினும், அது வாழ்ந்த ஊர். மனம் ஏங்கிற்று.

நாயகம் (ஸல்) அவர்கள் அந்த ஏக்கத்தை ஈமானின் குறைவு என்று கண்டிக்கவில்லை. மக்காவை நேசித்ததுபோல், ஏன், அதனினும் அதிகமாக மதீனாவை எங்களுக்கு நேசத்துக்குரியதாக்குவாயாக என்றும், அதன் அளவைகளில் பரக்கத் செய்வாயாக என்றும் அல்லாஹ்விடம் இறைஞ்சினார்கள். ஊர் நினைவால் வரும் கண்ணீர் வெட்கப்படத்தக்கதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

ஆகவே சகோதரரே, முதல் மூன்று மாதங்கள் கடினமாக இருக்கும் என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். ஓர் அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் தங்கவேண்டி வரலாம். இரவில் உறக்கம் வராது. உணவு இறங்காது. வளைகுடாக் கோடையின் வெப்பம், நம் அக்கினி நட்சத்திரத்தைக் குளிர்காலம் என்று எண்ணச் செய்யும். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, நண்பகல் 12:30 முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்குவதைச் சட்டமே தடைசெய்துள்ளது என்றால் அந்த வெயிலை ஊகித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் ஊருக்குப் பேசும்போது "நன்றாக இருக்கிறேன்" என்று மட்டுமே சொல்லி அழுகையை விழுங்கவேண்டாம். உண்மையைச் சொல்லுங்கள்; துஆக் கேளுங்கள். பிலால் (ரலி) அவர்களும் அதை மறைக்கவில்லை.

தங்குமிடத்தின் பாதுகாப்பையும் கவனியுங்கள். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில் பற்றிய தீயில் 40-க்கும் மேற்பட்ட இந்தியர் உயிரிழந்தனர். தமிழகத்தைச் சேர்ந்த எழுவரும் அவர்களில் இருந்தனர். வெளியேறும் வழி எது என்பதை முதல் நாளிலேயே தெரிந்துகொள்வது தவக்குலுக்கு மாறானதன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

கிப்லாவும் தொழுகையும்

தொழுகையை மேற்கு நோக்கித் தொழுதே பழகியவர்கள் நாம். தமிழகத்திலிருந்து கஃபா மேற்கிலிருந்து சற்றே வடக்கில் அமைந்திருக்கிறது. துபாயில் இறங்கினால் அது மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே சாயும். குவைத்தில் தென்மேற்காகும். ஜித்தாவிலோ கிழக்கு நோக்கித் தொழவேண்டும்! லண்டனில் தென்கிழக்கு. பழக்கத்தை விட்டு, கேட்டறிந்து தொழவேண்டும் என்பதே இதில் உள்ள படிப்பினை. புதிய நாட்டின் ஒவ்வொரு காரியமும் இப்படித்தான். திசை மாறும், கஃபா மாறாது.

பயணத்தில் நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கும் சலுகை உண்டு. "நான் ஊரைவிட்டு வந்திருக்கிறேன்" என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் சுருக்கித் தொழலாகாது. ஓரிடத்தில், வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக, நான்கு நாட்கள் தங்க நிய்யத் செய்தால் ஷாஃபியீ மத்ஹபில் அவர் முகீம். ஹனஃபி மத்ஹபில் பதினைந்து நாட்கள். அதன்பின் முழுமையாகத் தொழவேண்டும்.

அங்குள்ள பள்ளிவாசலில் கை கட்டும் முறை வேறுபடும். ஃபஜ்ரில் குனூத் இல்லாதிருக்கும், அல்லது இருக்கும். தொழுகைக்குப் பின் கூட்டு துஆ இராது. இவற்றைக் கண்டு "இவர்கள் தொழுகை செல்லுமா?" என்று சர்ச்சையில் இறங்காதீர்கள். நான்கு இமாம்களும் நம்முடைய இமாம்களே. ஜமாஅத்தில் சேர்ந்து தொழுங்கள்.

ரமளானின் பிறையும் வேறுபடும். இருக்கும் ஊரின் மக்களோடு நோன்பு பிடித்து, இருக்கும் ஊரின் மக்களோடு பெருநாள் கொண்டாடவேண்டும். அவ்வாறு ஊர் மாறியதால் ஒருவருக்கு 28 நோன்புகளே அமைந்தால், ஒரு நோன்பை களாச் செய்யவேண்டும். எல்லா நாடுகளிலும் வெள்ளிக்கிழமை விடுமுறை நாள் என்றும் எண்ணிவிடாதீர்கள். சிங்கப்பூரிலும் இங்கிலாந்திலும் அது வேலைநாள். அமீரகத்திலேயே 2022 ஜனவரி முதல் அரசு அலுவலகங்களுக்கு சனி, ஞாயிறு விடுமுறையாகவும், வெள்ளி அரைநாளாகவும் மாற்றப்பட்டது. வேலையில் சேரும்போதே ஜும்ஆவுக்கு அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

சந்தை எங்கே இருக்கிறது?

மதீனாவில் முஹாஜிர்களையும் அன்சாரிகளையும் நாயகம் (ஸல்) அவர்கள் சகோதரர்களாக இணைத்துவைத்தார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குச் சகோதரராக வாய்த்தவர் ஸஃது இப்னு ரபீஉ (ரலி) அவர்கள். மதீனத்துச் செல்வர்களுள் ஒருவரான அவர், தம் செல்வத்தில் சரிபாதியை எடுத்துக்கொள்ளுமாறு வேண்டினார். வெறுங்கையோடு வந்திருந்த அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களோ, உம் குடும்பத்திலும் பொருளிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக என்று வாழ்த்திவிட்டு, சந்தைக்கு வழி காட்டுமாறு மட்டுமே கேட்டார்கள். கைனுகா சந்தைக்குச் சென்று பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றார்கள். சில நாட்களில், பேரீச்சங்கொட்டை எடையளவு பொன்னை மஹராகக் கொடுத்துத் திருமணமும் முடித்தார்கள்.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. புதிதாய் வந்தவருக்கு: உதவியை மறுக்காதீர்; ஆனால் உதவியிலேயே வாழாதீர். ஏற்கெனவே அங்கு இருப்பவருக்கு: நீரே அன்சாரி. உம் ஊர்த் தம்பி வந்திறங்கும் அன்று, ஒரு வேளைச் சோறும், படுக்க ஓர் இடமும், பேசுவதற்கு ஒரு மணி நேரமும் கொடுங்கள். நீர் வந்திறங்கிய அந்த முதல் இரவை நினைத்துப் பாரும்.

மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். நாயகம் (ஸல்) அவர்களின் ஆணைப்படி ஸைத் இப்னு தாபித் (ரலி) அவர்கள் யூதர்களின் எழுத்தைப் பதினைந்து நாட்களில் கற்றுக்கொண்டதாக ஹதீஸ் நூல்களில் வருகிறது. சம்பளக் கணக்கையும் மருத்துவர் சொல்வதையும் புரிந்துகொள்ளும் அளவுக்கேனும் அந்நாட்டு மொழி தெரிந்திருப்பது, உங்கள் உரிமையைக் காக்கும்.

அந்நாட்டுச் சட்டத்தை மதியுங்கள். அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷியின் அவையில் குறைஷித் தூதர்கள் குற்றஞ்சாட்டியபோது, ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் பணிவோடும் துணிவோடும் எடுத்துரைத்து, மர்யம் அத்தியாயத்தை ஓதிக்காட்டினார்கள். மன்னர் கண்ணீர் விட்டார், அடைக்கலம் அளித்தார். புகலளித்த நாட்டுக்கு அம்முஹாஜிர்களால் எந்தத் தீங்கும் நேரவில்லை. அந்நாட்டில் தீர்ப்பைப் பெற்றுத் தந்தவை, ஜஃபர் (ரலி) அவர்களின் நாவில் இருந்த உண்மையும் அவர்களுடைய ஒழுக்கமுமே.

ஒரு சிறிய எச்சரிக்கை. நம் வீட்டுக் குருமாவில் சேரும் கசகசா, அமீரகத்திலும் சவூதியிலும் போதைப்பொருள் வகையில் சேர்ந்தது. அதைக் கொண்டுசென்று சிறைப்பட்டோர் உண்டு. இங்கே மருந்துக்கடையில் கிடைக்கும் சில இருமல் மருந்துகளும், வலி, தூக்க மாத்திரைகளும் அவ்வாறே. மருத்துவர் சீட்டும் உரிய அனுமதியும் இன்றி எடுத்துச் செல்லாதீர்கள். பிறர் கொடுக்கும் பொட்டலத்தைப் பிரித்துப் பாராமல் ஏற்காதீர்கள். கடவுச்சீட்டை முதலாளி பறித்து வைத்துக்கொள்வதை வளைகுடா நாடுகளின் சட்டங்களே தடைசெய்கின்றன. அதன் நகலையும் இந்தியத் தூதரகத்தின் தொலைபேசி எண்ணையும் வீட்டிலும் கையிலும் வைத்திருங்கள்.

வீட்டில் இருப்பவர்களின் ஹிஜ்ரத்

பயணம் செய்பவர் ஒருவர். பிரிவைச் சுமப்பவர்களோ பலர். அபூஸலமா (ரலி) அவர்கள் மனைவி உம்மு ஸலமாவோடும் குழந்தையோடும் மதீனாவுக்குப் புறப்பட்டபோது, மனைவியின் குலத்தார் அவரைப் பிடித்து வைத்துக்கொண்டனர். கணவரின் குலத்தாரோ குழந்தையைப் பிடுங்கிச் சென்றனர். பிடுங்கிய வேகத்தில் பிள்ளையின் கை பிசகிற்று. கணவர் மதீனாவில், குழந்தை வேறிடத்தில், தாய் மக்காவில். ஏறத்தாழ ஓராண்டுக் காலம் நாள்தோறும் அவர் ஊர்ப்புறத்து மணல்வெளிக்குச் சென்று மாலைவரை அழுதுகொண்டிருந்தார். மூன்றாகப் பிளந்த அந்தக் குடும்பத்தின் துயரை நம் வரலாறு மறைக்காமல் பதிவுசெய்திருக்கிறது.

உமர் (ரலி) அவர்கள் ஓரிரவு நகர்வலம் வந்தபோது, போருக்குச் சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் வருந்திப் பாடுவதைக் கேட்டார்கள். உடனே தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் சென்று, ஒரு பெண் கணவனைப் பிரிந்து எத்துணைக் காலம் பொறுத்திருப்பாள் என்று வினவினார்கள். நான்கு மாதம் என்றும், ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வருகின்றன. அதற்கேற்பப் படைவீரர்கள் வீடு திரும்பக் காலவரம்பு விதித்தார்கள். ஒரு பேரரசின் ஆட்சியாளர், ஒரு பெண்ணின் பெருமூச்சுக்காகப் படையின் ஒழுங்கையே மாற்றியமைத்தார்கள்!

நாம் இரண்டாண்டு, மூன்றாண்டு என்று சொல்லிச் செல்கிறோம். மனைவியின் மனமொத்த இசைவைக் கேட்டோமா? நமக்குத் தெரிந்த ஒரு சகோதரர், எட்டாண்டுகள் அயல்நாட்டில் உழைத்தவர், ஒருமுறை விடுமுறையில் வந்திருந்தார். அவருடைய ஐந்து வயது மகள், மூன்றாம் நாள் தாயிடம் மெதுவாகக் கேட்டாளாம்: "உம்மா, இந்த மாமா எப்ப அவங்க வீட்டுக்குப் போவாங்க?" பள்ளிவாசல் ஹவுளருகே அமர்ந்து இதனைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அவர் கட்டிய வீட்டில் எல்லாம் இருந்தன. அவருக்கு மட்டும் அங்கே இடம் இல்லாமற்போயிற்று. நானும் அவருக்கு துஆச் செய்து அனுப்பியவன்தான்.

ஆகவே, நாள்தோறும் பேசுங்கள். பணத்தைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். பிள்ளை அன்று என்ன ஓதினான், எங்கே விழுந்தான், எதற்கு அழுதான் என்று கேளுங்கள். அனுப்பும் பணத்தில் மனைவிக்கென்று ஒரு பங்கை அவர் கையிலேயே கொடுங்கள். வீட்டார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை: அவர் அனுப்பும் ஒவ்வொரு ரூபாயும் வியர்வையிலிருந்து வருகிறது. திருமண விருந்துக்கும் நகைக்கும் அதனைக் கரைத்துவிட்டு, "இன்னும் இரண்டாண்டு இருந்துவிட்டு வாருங்கள்" என்று நீங்களே சொல்லாதீர்கள். அண்டை வீட்டார்களே, கணவர் அருகில் இல்லாத அக்குடும்பத்துக்கு நீங்களே அன்சாரிகள். வம்பு பேசாதீர்கள், மருந்து வாங்கிக் கொடுங்கள்.

திரும்புதல்

பயணம் வேதனையின் ஒரு பகுதி. அது உறக்கத்தையும் உணவையும் தடுக்கிறது. எனவே, காரியம் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புக என்பது பெருமானாரின் அறிவுரை. காரியம் முடிந்ததும் என்றார்கள். ஆசை முடிந்ததும் என்று சொல்லவில்லை. ஆசைக்கு முடிவேது?

நிலைமைகள் ஒரே இரவில் மாறலாம். 1990 ஆகஸ்டில் குவைத் ஆக்கிரமிக்கப்பட்டபோது, ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் வாழ்நாள் சேமிப்பை விட்டுவிட்டு, ஜோர்தான் வழியாக விமானங்களில் தாயகம் திரும்பினர். ஆகவே வருவாயில் ஒரு பகுதியை, திரும்பிவந்து செய்யக்கூடிய ஒரு தொழிலுக்காக முதல் மாதத்திலிருந்தே ஒதுக்குங்கள்.

அயல்நாட்டிலேயே மரணம் வரலாம்; அல்லது நாம் அங்கிருக்கையில் ஊரில் பெற்றோருக்கு வரலாம். நஜ்ஜாஷி மன்னர் இறந்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் தோழர்களை அணிவகுக்கச் செய்து அவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். இதனை ஆதாரமாகக் கொண்டே ஷாஃபியீ மத்ஹபில் காயிப் ஜனாஸா தொழப்படுகிறது. வாப்பாவின் கப்ரில் ஒரு பிடி மண் இடமுடியாமல் தவிக்கும் மகனுக்கு, தூரத்தைக் கடக்கும் ஒரு வழியை மார்க்கம் விட்டுவைத்திருக்கிறது. எனினும், உயிரோடு இருக்கும்போதே பெற்றோரிடம் பேசிவிடுங்கள், மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி கேட்ட அந்தத் தம்பி புறப்பட்டுப் போய்விட்டார். புறப்படுமுன் கடன் பட்டியலை எழுதித் தம் உம்மாவிடம் கொடுத்தார். திரும்பும் ஆண்டையும் அதன் கீழே எழுதினார். பயணம் செல்பவரை வழியனுப்பும்போது, அவருடைய மார்க்கத்தையும், அமானிதத்தையும், செயல்களின் முடிவுகளையும் அல்லாஹ்விடம் ஒப்படைத்து துஆச் செய்வது நபிவழி. அந்த துஆவில் அமானிதம் ஏன் இடம்பெற்றது என்பது எனக்கு அன்றுதான் நன்கு விளங்கிற்று. பயணம் செல்பவரின் மனைவியும், மக்களும், பெற்றோரும், கடனும், வாக்கும் யாவும் அமானிதங்களே.

உலகில் ஓர் அந்நியனைப் போன்றோ, வழிப்போக்கனைப் போன்றோ வாழுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் இப்னு உமர் (ரலி) அவர்களின் தோளைப் பற்றிக்கொண்டு உபதேசித்தார்கள். அவ்வகையில் ஊரிலேயே இருக்கும் நாமும் பயணிகளே.

நம் சபராளிகள் அனைவரையும் வல்ல அல்லாஹ் பாதுகாத்து, ஹலாலான பொருளோடும், நலமான உடலோடும், நிறைவான ஈமானோடும் அவரவர் குடும்பத்தாரிடம் கொண்டுவந்து சேர்ப்பானாக! அவர்களின் பிள்ளைகள் அவர்களை வாசலிலேயே அடையாளம் கண்டு, "வாப்பா!" என்று ஓடிவந்து கட்டிக்கொள்ளும் நாளை அருள்வானாக! ஆமீன்.